நான் வாங்கிவந்த முந்திரி எண்ணெய்

தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது, வழியில் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டேனே என்று உனக்கு வருத்தம் இருக்கும். மருமகள் வசந்தி மேல் ஏதாவது மனக்குறையா, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா என்று பஸ் ஸ்டாண்டில் நீ இரண்டு தடவை கேட்டாய். இரண்டு தடவையும் “அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா” என்றேன். அது பொய். நேரில் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் வராது. அதனால் என்னவெல்லாம் நடந்தது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன். வசந்தி பார்க்காத இடத்தில் உட்கார்ந்து படி. படித்த பிறகு அவளிடம் கொடுப்பதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் கூடத்தில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கடையிலிருந்து வந்து ஒரு களிம்பு டியூபை வசந்தி கையில் கொடுத்தாய். “இதத் தினமும் தடவு. மூணு மாசத்துல, பிரசவத்துல வயித்துல விழுந்த வரியெல்லாம் போயிடுமாம். பாக்கவே ஒரு மாதிரி இருக்கு” என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். வசந்தியும் “ஆமாமா, எனக்கே பிடிக்கல” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றிச் செருகிக்கொண்டாள். நீ அதைப் பார்க்கவில்லை, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன். அதன் பிறகு அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ நல்ல புருஷன். குழந்தையின் துணியை நீ அலசிப் போடுகிறாய், நான் ஒரு நாளும் செய்ததில்லை. உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நீ சொன்ன மாதிரி ஒரு வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொன்னேன், அதைத்தான் சொல்ல வந்தேன்.

உன் அம்மாவின் வயிற்றில், தொப்புளுக்குக் கீழே வலது பக்கம், உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துச் சுருங்கிய ஒரு தழும்பு இருந்தது. சின்ன வயதில் அவள் துணி உலர்த்த எட்டியபோது நீ அதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாய். “சுடுதண்ணி கொட்டிடுச்சுப்பா” என்றாள். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன். உனக்கு முன்னால் ஒரு குழந்தை பிறக்கும்போதே இறந்துவிட்டது என்றும் உன்னிடம் சொல்லியிருக்கிறோம். இரண்டுமே உண்மை இல்லை. அது சுடுதண்ணீர் இல்லை. அந்தக் குழந்தை பத்தொன்பது நாள் இருந்தாள்.

கல்யாணமான நாலாம் மாதம் நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்தோம். அப்போது அங்கே சுரங்கத்தில் யார் கண்ணிலும் நிலக்கரி படவில்லை. மேல்மண்ணைத்தான் மலை மலையாக வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடியிலிருந்து ஊற்றுத் தண்ணீர் பொங்கிவிடாமல் இருக்க பம்புகள் ஓயாமல் ஓடும். அந்தப் பம்புகளைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு ஃபிட்டர் வேலை. குவார்ட்டர்ஸில் சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. எல்லாத் தெருவும் ஒன்றுபோல, எல்லா வீடும் ஒன்றுபோல. முதல் மாதம் ஷிஃப்ட் முடிந்து வந்து அடுத்த தெருவில் இதே நம்பர் வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு கோயம்புத்தூர் அம்மாளிடம் “காபி குடு” என்று கேட்டுவிட்டேன். உன் அம்மா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாள். கோமதிக்குச் சிரிப்பு அப்படி வரும். கண்ணில் தண்ணீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். உனக்கு அந்தக் கோமதியைத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

அவளுக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போகவில்லை, டவுன்ஷிப் ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். வீட்டு வேலைக்கு அஞ்சலை என்று ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். சுரங்கத்துக்காகக் காலியான ஊர் ஒன்றில் பரம்பரையாகக் கூலிவேலை பார்த்த குடும்பம். எங்கள் தெருவில் மூன்று வீட்டில் வேலை செய்தாள். உன் அம்மாவைவிட நாலைந்து வயதுதான் கூடுதல், ஆனால் மூன்று பிள்ளை பெற்றவள். ஏழாம் மாதத்தில் கோமதிக்கு வயிறு பெரிதாகி, தோல் இழுத்து, தாங்க முடியாத அரிப்பு. சீப்பை எடுத்துச் சொறியப் போனவளை அஞ்சலைதான் தடுத்தாள். “சொறியாதம்மா, புண்ணாயிடும். எண்ணெயத் தடவிகினு சும்மா இரு” என்றாள். அன்றிலிருந்து நான் வேலையிலிருந்து வந்ததும் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து அவள் வயிற்றில் தடவிவிடுவேன். சிவப்புச் சிவப்பாகக் கோடுகள் வரத் தொடங்கியிருந்தன, எல்லாம் தொப்புளுக்குக் கீழே வலது பக்கத்தில்தான். “இந்தப் பக்கந்தான் படுத்திருக்கா போல” என்பாள் கோமதி. பெண் குழந்தை என்று அவளே முடிவு செய்திருந்தாள். தடவும்போது உள்ளேயிருந்து கை ஒரு உதை வாங்கும். அப்போதும் அந்தக் கோடுகள் என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தன. அசிங்கம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இதை நீ ஞாபகத்தில் வைத்துக்கொள்.

பெண்தான் பிறந்தாள். தலைநிறைய முடி. பத்து நாள் நன்றாகத்தான் இருந்தாள். அப்புறம் உடம்பு மஞ்சள் பூத்தது, பால் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதையெல்லாம் பார்த்தார்கள். பத்தொன்பதாம் நாள் மதியம் போய்விட்டாள். பெயர் வைப்பதற்கு ஊரிலிருந்து என் அண்ணன் வர வேண்டும் என்று தள்ளிப் போட்டிருந்தோம். போட்டோவும் எடுக்கவில்லை. கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்து மூன்றாம் நாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். கோமதிக்குப் பால் கட்டிக்கொண்டு, மார்பு கல்லாகி, காய்ச்சல் அடித்தது. அஞ்சலைதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள்.

ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். ஒரு காலை வேளை. நான் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தேன். கோமதி குளித்துவிட்டு உள்ளே வந்து புடவை மாற்றினாள். கண்ணாடியில் அவள் வயிறு தெரிந்தது. தொய்ந்துபோய், குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்புக் கோடுகளோடு, உள்ளே யாரும் இல்லாமல். “புள்ள நிக்கல. இது மட்டும் நிக்குது. பாக்கவே முடியல” என்றேன்.

குழந்தையை நினைத்துத்தான் சொன்னேன் என்று முப்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். முக்கால் பங்கு உண்மை. மீதிக் கால் பங்கை நீ மகன் என்றாலும் உன்னிடம் மறைக்க மாட்டேன். எனக்கு இருபத்தாறு வயது. பத்திரிகை அட்டையில் வரும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவன். இனிமேல் இவள் உடம்பு இப்படித்தானா என்று ஒரு கசப்பு உள்ளே இருந்தது. துக்கத்துக்குள் அந்தக் கசப்பையும் ஒளித்துவைத்துச் சொன்ன வார்த்தை அது. சொன்னவனுக்கே எது எவ்வளவு என்று தெரியாதபோது, கேட்டவள் எப்படிப் பிரித்துப் பார்ப்பாள்? அவள் லேசாகச் சிரித்துவிட்டு, புடவையை அவசரமாகச் சுற்றிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். நான் மீதித் தாடையை மழித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் கிண்ணங்கள் முளைத்தன. விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தடவினாள். பாலாடையில் மஞ்சள் குழைத்துப் பூசினாள். பயத்தமாவைக் கெட்டியாகக் கரைத்துத் தேய்த்தாள். யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சம்பழத் தோலில் உப்பைத் தொட்டுத் தேய்த்து, தோல் வழன்று இரண்டு நாள் புடவையை இறுக்கிக் கட்ட முடியாமல் நடந்தாள். எல்லாமே எனக்குத் தெரிந்துதான் நடந்தது. என் பெண்டாட்டி தன்னைக் கவனித்துக்கொள்கிறாள் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டிருக்கிறாள். அந்த அம்மா, “இது தோலுக்கு உள்ளே பிஞ்சதும்மா, மேல எதைத் தடவினாலும் போகாது. நாளாக நாளாகச் சிவப்பு மாறி வெளுத்துப்போயிடும். அரிச்சா மட்டும் எண்ணெய் தடவிக்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கோமதி சந்தோஷமாக வந்து என்னிடம் சொன்னாள்.

“வெளுத்துடுமாங்க. தானாவே மாறிடுமாம்.”

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “எத்தன நாளாகும்?” என்றேன்.

அவ்வளவுதான் கேட்டேன். ரசத்தை ஊற்றிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அஞ்சலையின் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் பண்ருட்டிப் பக்கத்தில் காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்தவள். கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது, கறுப்பாக, பாகு மாதிரி. பட்ட இடத்தைச் சுட்டுவிடும். உடைக்கிற பெண்களுக்குக் கை முழுதும் கறுத்து, தோல் உரிந்துகொண்டே இருக்கும். மரத்துக்குக் கரையான் அரிக்காமல் பூசுவதற்கும், காலில் ஆணி இருந்தால் ஒரு சொட்டு வைப்பதற்கும் அந்தப் பக்கத்தில் அதை வாங்குவார்கள். அஞ்சலையின் விரல்களில் பழைய தோல் உரிந்த இடமெல்லாம் வெளுப்பாகப் புதுத் தோல் வந்திருந்தது. உன் அம்மா பாத்திரம் விளக்கும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எரிந்த தோல் போய்ப் புதுத் தோல் வருகிறதே என்று நினைத்திருக்கிறாள்.

ஒரு நாள் முதல் ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்குமேல் சைக்கிளில் வந்து இறங்குகிறேன், அஞ்சலை வாசல் கேட்டிலேயே காத்துக்கொண்டு நின்றாள்.

“சார், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. அம்மா எங்கிட்ட முந்திரி எண்ணெ கேட்டுகினே இருக்காங்க. வவுத்துல தடவறதுக்காம். நான் முடியாதுன்னுட்டேன். அது தோலத் தின்னுடும் சார். நீங்க கொஞ்சம் சொல்லி வையுங்க. தப்பித்தவறிக்கூட வூட்டுக்குள்ள வர வுட்றாதீங்க.”

“சரி, நான் சொல்றேன்” என்றேன்.

சொல்லவில்லை. என்னவென்று பேச்சை எடுப்பது? நீ ஏன் அதைத் தடவப் போகிறாய் என்று கேட்டால், நீங்கள் சொன்ன வார்த்தையால் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயம். நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று ஒரு வாரம் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பண்ருட்டிக்குச் சாமான் வாங்கக் கிளம்பும்போது கோமதி பையைக் கையில் கொடுத்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“பின்னால விறகுப் பெட்டியில கரையான் ஏறுதுங்க. ஒரு சின்ன பாட்டில் முந்திரி எண்ணெய் வாங்கிட்டு வாங்க. பூசி வைக்கலாம்.”

தம்பி, இந்த இடத்தில்தான் என் வாழ்க்கை முழுதும் நின்றுபோயிருக்கிறது. எனக்குத் தெரியும். அஞ்சலை சொன்னது காதில் இருந்தது. விறகுப் பெட்டிக்கு மண்ணெண்ணெய் போதும் என்பதும் தெரியும். அவள் என் முகத்தைப் பார்க்காததும் தெரிந்தது. ஆனாலும் “சரி” என்றேன். கரையானுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கும் கீழே இன்னொரு நினைப்பு இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்: ஒருவேளை போய்விட்டால் நல்லதுதானே. பண்ருட்டியில் கடைக்காரர் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது, “கையில படாமப் பாத்துக்குங்க” என்றார். பஸ்ஸில் கூட்டம். பாட்டில் உடைந்துவிடக் கூடாது என்று வீடு வரும்வரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பின்பக்கம் போய் விறகுப் பெட்டியைப் பார்த்தேன். கரையான் மண் ஏறிய இடத்தில் எண்ணெய் பட்டிருக்கவில்லை. அலமாரியில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். ஒரு விரற்கடை குறைந்திருந்தது. பார்த்தேன், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அந்த எண்ணெய் உடனே சுடாது. முதல் நாள் வெறும் சூடாகத்தான் இருந்ததாம். ஒன்றும் ஆகவில்லையே என்று நான் போன பிறகு இரண்டாம் தடவையும் ஈர்க்குச்சியில் துணியைச் சுற்றித் தொட்டு, கோடு கோடாக வைத்திருக்கிறாள். கோடுகள் இருந்த வலது பக்கம் முழுதும் வைத்திருக்கிறாள். மத்தியானம் வேலைக்கு வந்த அஞ்சலை அடுக்களைத் தரையில் புடவையை விலக்கிவிட்டு, சத்தம் வராமல் வாயில் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தவளைப் பார்த்திருக்கிறாள். சோப்பைப் போட்டுக் கழுவி, தண்ணீர் ஊற்றி ஊற்றி, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது வீடு திறந்து கிடந்தது, அடுக்களையெல்லாம் தண்ணீர். ஆஸ்பத்திரியில் அவள் வயிற்றைப் பார்த்தேன். அதை நான் எழுதப் போவதில்லை.

கோடுகளைப் பற்றிச் சொன்ன அதே நர்சம்மாதான் அன்றைக்கும் இருந்தார். “யார் வாங்கிக் குடுத்தது இதை? படிச்ச மனுஷங்க இருக்கிற வீடுதானே?” என்றார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். கோமதி கண்ணைத் திறக்காமல், “நானேதான் பண்ருட்டிக்குப் போய் வாங்கினேன்” என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அஞ்சலை வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் நர்சம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

தெருவில் அந்தக் கதையை யாரும் நம்பவில்லை. பிள்ளை பெற்று நாலு மாதம்கூட ஆகாத பெண் தனியாக பஸ் ஏறிப் போயிருப்பாளா? வேலைக்காரிதான் முந்திரிக்காட்டுப் பக்கத்துக்காரி, அவள்தான் நாட்டு வைத்தியம் என்று எதையோ கொண்டுவந்து கொடுத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் அவளை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் என்னிடமே வந்து, “நீங்க ஏன் சார் போலீஸ்ல சொல்லல?” என்று கேட்டார். “போகட்டும் விடுங்க” என்றேன். பெரிய மனசு என்று அவர் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். கோமதி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள், இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அஞ்சலை ஒரு தடவைதான் வந்தாள். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, “நான் வாணாம்னு சொன்னத அந்த ரெண்டு வூட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வாணாம்” என்றாள். நான் தலையாட்டினேன். அதையும் சொல்லவில்லை. சொன்னால், சொல்லியும் நீ வாங்கிவந்தாயா என்று கேட்பார்களே. ஒரு மாதத்தில் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காடாம்புலியூருக்கே போய்விட்டாள், கொட்டை உடைக்க.

புண் ஆற நாலு மாதம் ஆனது. இரண்டு வருஷம் கழித்து நீ வயிற்றில் வந்தாய். வெந்து ஆறிய தோல் மற்ற தோல்போல விரிந்துகொடுக்காது. ஒவ்வொரு மாதமும் அந்த இடம் இழுத்து, விளிம்பில் வெடித்து நீர் கசியும். அதைச் சுற்றி இடது பக்கமெல்லாம் புதிதாகக் கோடுகள் வந்தன. நான் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். “வேணாங்க” என்றாள். “அரிக்கலையா?” என்றேன். “அரிக்கட்டும். கோடு எவ்வளவு வேணாலும் வரட்டும். புள்ள நின்னாப் போதும்” என்றாள். நீ நின்றாய். ஆனால் என் எதிரில் அவள் புடவை மாற்றுவது அதோடு போயிற்று. நாங்கள் சண்டை போட்டுக்கொண்டதில்லை. எனக்குப் பிடித்ததைச் சமைத்தாள், உன்னைப் படிக்கவைத்தாள், எனக்கு சார்ஜ்மேனாகப் பதவி உயர்வு வந்தபோது தெருவுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள். ஆனால் இருபத்தைந்து வருஷம் ஒரு தாழ்ப்பாள் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குளித்துவிட்டு வந்தால் அறைக் கதவை மூடித் தாழ் போட்டுக்கொண்டுதான் புடவை மாற்றுவாள். இப்போது அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. தனியாக இருக்கிற இந்த வீட்டிலும் காலை வேளையில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன். கதவு திறந்துதான் இருக்கிறது.

உனக்கு ஒரு வயதானபோது நான் அஞ்சலையைத் தேடிக்கொண்டு காடாம்புலியூர் போனேன். ஒரு கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று ஆரம்பித்தேன். அவள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. “அம்மா வவுறு ஆறிச்சா?” என்றாள். ஆறிவிட்டது, பையன் பிறந்திருக்கிறான் என்றேன். முகம் மலர்ந்தது. பிறகு சொன்னாள்: “நீங்க எம்மேல பழி போட்டீங்கன்னு நான் ஒருநாளும் சொல்லல சார். போட்டவங்க வேற. நீங்க சும்மா நின்னுகினு இருந்தீங்க.” கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கொட்டகை வாசலில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஊருக்கு வந்து, தெருவில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அப்போதும் சொல்லவில்லை. முதன்முதலாக உன்னிடம்தான் சொல்கிறேன்.

தம்பி, நீ வாங்கிவந்த களிம்பில் விஷம் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பால் கொடுக்கிற பெண், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தடவட்டும். தோல் வறண்டு அரித்தால் எண்ணெய் போதும். கோடுகள் ஒன்றிரண்டு வருஷத்தில் தானாகவே வெளுத்துவிடும். முழுதாகப் போகாது, போக வேண்டிய அவசியமும் இல்லை. அவளுக்காகவே அவளுக்குத் தடவிக்கொள்ளத் தோன்றினால் தடவிக்கொள்ளட்டும், அது அவள் உடம்பு. ஆனால் நீ சொன்னதற்காக அவள் தடவக் கூடாது. “நான் அன்னைக்குச் சொன்னது தப்பு” என்று இன்றைக்கே போய்ச் சொல். நாளைக்கு என்று வைக்காதே. அவள் “அதெல்லாம் நான் மனசுல வச்சுக்கல” என்பாள். சொன்னாலும் விடாதே, உட்கார்ந்து பேசு. உனக்கு அவள் வயிற்றைப் பார்க்க உண்மையிலேயே ஒரு மாதிரி இருந்தால், ஏன் அப்படி இருக்கிறது என்று உன்னையே கேட்டுக்கொள். அந்தக் கேள்வியை அவள் தோல் மேல் போடாதே. உன் மகள் ஒன்பது மாதம் படுத்துக்கிடந்த இடம் அது.

உன் அம்மாவின் கடைசி மாதத்தைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நீ லீவு கிடைக்காமல் திருச்சியில் இருந்தாய். அவளால் எழுந்து நடக்க முடியவில்லை. உடம்பு துடைத்துவிட ஒரு பெண் வருவாள், ஒரு நாள் அவள் வரவில்லை. நான் வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு போனேன். கோமதி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு வயிற்றை மூடியிருந்த கையை விலக்கினாள். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அவள் வயிற்றைப் பார்த்தேன். இடது பக்கம் உன்னுடைய கோடுகள் வெள்ளிபோல வெளுத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தன. வலது பக்கம் அந்தக் கறுப்பு. ஒரு கோடுகூட இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் குழந்தை இந்த உலகத்தில் இருந்ததற்குப் பெயர் இல்லை, போட்டோ இல்லை, வேறு ஒரு அடையாளமும் இல்லை. இருந்தது இந்த இடம் ஒன்றுதான். அதைத்தான் நான் பாட்டிலை நெஞ்சில் அணைத்துக் கொண்டுவந்து கொடுத்து எரிக்கவைத்திருக்கிறேன்.

“கோமதி, அந்த எண்ணெய் எதுக்குன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்” என்றேன்.

“தெரியும்” என்றாள். “உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்.”

அழுதேன். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, விரலைத் தழும்பின் மேல் விளிம்பில் வைத்தாள். “எல்லாம் போகலங்க. இங்க மூணு தப்பிச்சிருக்கு. நான் தெனம் குளிக்கும்போது தொட்டுப் பாப்பேன். அவளோடது. தட்டுப்படுதா?” என்று கேட்டு, என் விரலை மெதுவாக நகர்த்தி நகர்த்தி எண்ணினாள். “ஒண்ணு… ரெண்டு… மூணு.”

முப்பது வருஷம் இரும்பைப் பிடித்துக் காய்த்துப்போன விரல். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. கண்ணிலும் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை.

“தட்டுப்படுது கோமதி. மூணும் இருக்கு” என்று உடனே சொன்னேன்.

இப்படிக்கு,
உன் அப்பா